காலிங்கராயன் வாய்க்காலும் ஈரோட்டுக் கழிவுநீரும்: ஆற்றுக் காப்பு வரலாற்றில் ஓர் ஆய்வு

முன்னுரை

பதிற்றுப்பத்தின் ஒன்பதாம் பத்துள் பெருங்குன்றூர் கிழார், தம் பாட்டுடைத் தலைவனாகிய இளஞ்சேரல் இரும்பொறையின் மென்மையைக் கூறவந்தவிடத்து, வானியாற்று நீரின் இனிமையையும் தண்மையையும் அதற்கு அளவாகக் கொண்டார். அவ்வானியே இன்றைய பவானியாறு என்பது அறிஞர் பலரின் கருத்து. இக்கருத்தை ஏற்பின், கொங்குநாட்டு ஆற்றுநீர் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னர் இனிமைக்கு எடுத்துக்காட்டாக நின்றது என்று கொள்ளலாம். அவ்வாறு காவிரியோடு கூடும் கூடுதுறையிலிருந்து தெற்கே சில கல் தொலைவில் ஈரோடு அமைந்துள்ளது. அந்நகரையடுத்து ஓடும் நீர் இன்று இனிமைக்கு உவமையாகுமா என்று கேட்பின், விடை கூற நாம் தயங்குவோம். இத்தயக்கம் எவ்வாறு நேர்ந்தது என்பதை வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓர் ஊர் தன் நீரோடு கொள்ளும் தொடர்பை மூன்று தொழில்களாகப் பகுத்துக் காணலாம். நீரைக் கொணர்தல் ஒன்று. பயன்படுத்தியபின் எஞ்சும் கழிவைக் கண்முன் நில்லாது விலக்கல் மற்றொன்று. விலக்கிய கழிவைத் தூய்மை செய்து ஆற்றிற்கோ நிலத்திற்கோ மீட்டளித்தல் மூன்றாவது. ஈரோடும் அதனைச் சூழ்ந்த கொங்குநாட்டுப் பகுதியும் முதல் தொழிலில் பண்டே பெரும்புகழ் எய்தின. இரண்டாம் தொழிலில் நெடுங்காலம் நின்றுவிட்டன. மூன்றாம் தொழிலை மிக அண்மையிலேயே மேற்கொண்டன. இம்மூன்றையும் முறையே காண்போம்.

1. சொற்சான்றும் செப்பேட்டுச் சான்றும்

கழிவுநீர் வடிகால் தமிழர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையிலும், மணிமேகலையின் கச்சிமாநகர் புக்க காதையிலும் ‘சுருங்கை’ என்னும் சொல் வருகின்றது. மறைவாகச் செல்லும் வழியையும் நிலத்தின்கீழ் நீர் செல்லும் தூம்பையும் அச்சொல் குறித்தது. இச்சொல்லைக் கிரேக்கச் சொல்லொன்றோடு தொடர்புறுத்துவாரும் உளர். அவ்வாராய்ச்சி ஈண்டு வேண்டுவதன்று. மாளிகைகளில் நீராடிய நீர் தூம்பின் வழியே வெளியே சென்றது என்னும் காட்சி மணிமேகலையில் வஞ்சி நகரைப் பற்றியே கூறப்படுகின்றது என்பது மட்டும் நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. வஞ்சி கருவூரே எனக் கொள்ளும் அறிஞர் கருத்து நிலைபெறுமாயின், நகர்க் கழிவுநீரைப் பற்றிய பழைய இலக்கியக் குறிப்புகளுள் ஒன்று கொங்கு மண்ணுக்கே உரியதாகும். எனினும், அந்நீர் இறுதியில் எங்குச் சென்றது என்பதைப் புலவர் கருதிற்றிலர். அகழியோடு பார்வை நின்றுவிடுகின்றது.

இனிக் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் நோக்குவோம். உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்தே, 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள், ஏரி வாரியம் என்னும் குழு நீர்நிலையைக் காத்த முறையை விளக்குகின்றன. பல்லவர், சோழர் கொடைச் செப்பேடுகளில், வாய்க்காலைக் குறுக்கே வெட்டலாகாது, கூடையால் நீர் இறைக்கலாகாது, சிற்றேற்றம் வைத்தலாகாது என்னும் வகையிலான விதிகள் காணப்படுகின்றன. இவ்விதிகளை ஒருங்கு வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். இவையாவும் நீரின் அளவைக் காப்பதற்கு எழுந்தவை. நீரின் தன்மையைக் காப்பதற்கு எழுந்தவையல்ல. யார் எவ்வளவு நீர் கொள்ளலாம் என்பதே அவற்றின் பொருள். நீரில் யார் எதனை விடலாகாது என்னும் வினா அங்கு எழவில்லை.

இதனைக் கொண்டு நம் முன்னோர் தூய்மை பேணாதார் எனக் கூறுதல் பிழையாகும். அக்கால ஊர்களின் மக்கள்தொகை சிறிது. கழிவு பெரும்பாலும் நிலத்திற்கே உரமாய்த் திரும்பிற்று. ஆற்றின் தன்மை கெடும் நிலை நேராதபோது அதனைக் காக்கும் விதியும் பிறவாது. ஆனால், அதனாலேயே நீரின் தன்மை பற்றிய சட்டமரபு ஒன்று நமக்குக் கைவரவில்லை என்பதையும் மறைத்தல் இயலாது. பிற்காலத்தார் இடர்ப்பட்டதற்கு இம்மரபின்மை ஒரு காரணமாகும்.

2. காலிங்கராயன் வாய்க்காலின் அமைப்பு

ஈரோட்டு நிலப்பகுதியின் நீர்வரலாற்றில் நடுநாயகமாய் விளங்குவது காலிங்கராயன் வாய்க்கால். கொங்குப் பாண்டியராட்சியில் அதிகாரியாய் விளங்கிய காலிங்கராயன், 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பவானியாறு காவிரியோடு கலக்கும் இடத்திற்கு மேலே பவானியின் குறுக்கே அணைகட்டி இவ்வாய்க்காலை வெட்டுவித்தான். 1271 முதல் 1283 வரையிலான ஆண்டுகளைப் பணிநடந்த காலமாகக் கூறுவது வழக்கு. வாய்க்காலின் நீளம் 56½ கல், அதாவது ஏறத்தாழ 90 கிலோமீட்டர். பாசனப் பரப்பு 15,743 ஏக்கர். பவானியில் தோன்றி, காவிரியின் மேல்கரையை ஒட்டிச் சென்று, கொடுமுடிக்கருகே ஆவுடையார்பாறையில் நொய்யலில் முடிகின்றது. பவானி, காவிரி, நொய்யல் என்னும் மூன்று ஆறுகளையும் ஒரு வாய்க்கால் தொடர்புறுத்துவது எண்ணி வியத்தற்குரியது.

இவ்வாய்க்கால் நேராக ஓடாமல் வளைந்து வளைந்து செல்கின்றது. பாம்பு ஒன்று முன்னே ஊர்ந்து வழிகாட்டிற்று என்பது மக்கள் வழங்கும் கதை. நில ஏற்றத்தாழ்வைத் தழுவி, நீரின் விரைவைத் தணித்து, மேட்டு வயலுக்கும் பாயுமாறு அமைத்த திறனே இக்கதையாய் வடிவுற்றது போலும். காலிங்கராயன் தன்னலத்திற்காக இதனை வெட்டினான் என்னும் பழி வாராதிருக்க, அவனும் அவன் வழியினரும் இந்நீரைக் கொள்வதில்லை என்று உறுதிபூண்டு, வெள்ளோட்டை விட்டுப் பொள்ளாச்சிப் பக்கத்து ஊற்றுக்குளிக்குப் பெயர்ந்தனர் என்றும் ஒரு கதை உண்டு. இதனை வரலாற்றுச் செய்தியாகக் கொள்ளச் சான்று போதாது. ஆயினும், பொதுநீரைப் பற்றி இந்நாட்டு மக்கள் கொண்டிருந்த அறவுணர்வுக்கு இக்கதையே சான்றாகும்.

நம் பொருளுக்கு மிக வேண்டுவது வாய்க்கால் கிடக்கும் கிடையே ஆகும். ஈரோட்டு நிலம் மேற்கிலிருந்து கிழக்கே காவிரியை நோக்கிச் சரிகின்றது. நகரின் மழைநீரும் கழிவுநீரும் இயல்பாகவே ஆற்றை நோக்கி ஓடும். ஆனால், ஆற்றிற்கும் நகரிற்கும் இடையே காலிங்கராயன் வாய்க்கால் குறுக்காகக் கிடக்கின்றது. கொங்குநாட்டு வழக்கில் ‘பள்ளம்’ என்பது தாழ்ந்த நிலத்தை மட்டுமன்றிச் சிற்றோடையையும் குறிக்கும். பெரும்பள்ளம், பிச்சைக்காரன்பள்ளம் முதலிய பெயர்கள் இவ்வாறு எழுந்தவை. இப்பள்ளங்களே நகரின் இயற்கை வடிகால்கள். ஆகவே ஈரோட்டில் கழிவு என்பது ஆற்றுச் சிக்கல் மட்டுமன்று. ஆற்றை அடையுமுன்னரே பாசன வாய்க்காலைச் சந்திக்கும் சிக்கலாகும். வாய்க்கால் வெட்டியவன் இந்நிலையை எண்ணியிருத்தல் இயலாது. அவன் காலத்தில் கழிவை வார்க்கும் நகரம் அங்கில்லை.

3. நகராட்சியின் தோற்றமும் குடிநீர்ப் பணியும்

ஈரோடு நகராட்சி 1871-இல் அமைக்கப்பெற்றது. அவ்வாண்டில் எழுந்த சென்னை நகர்மேம்பாட்டுச் சட்டமும், அதன்பின் வந்த 1884-ஆம் ஆண்டுச் சட்டமும், 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிச் சட்டமும் தெரு, விளக்கு, குடிநீர், துப்புரவு என்பவற்றை நகர்மன்றத்தின் கடமைகளாக வகுத்தன. இக்கடமைகளுள் குடிநீரே மக்கள் முதலில் வேண்டியது. நகர்மன்றத்தார்க்குப் புகழ் தருவதும் அதுவே. பெரியார் ஈ. வெ. இராமசாமி 1919-இல் பதவி துறந்து காங்கிரசில் சேர்வதற்கு முன்னர், ஈரோடு நகராட்சித் தலைவராய் இருந்தபோது காவிரிக் குடிநீர்த் திட்டத்திற்குப் பாடுபட்டமை அவர் வரலாற்றில் சிறப்பாகக் கூறப்படுகின்றது. பிற்காலத்தில் சமுதாயச் சீர்திருத்தத்தால் உலகறிந்த ஒருவர்தம் பொதுவாழ்வு நகரின் குடிநீர்ப் பணியோடு தொடங்கிற்று என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

குழாய்வழிக் குடிநீர் வந்தபின் ஊரின் கழிவுநீர் நிலை மாறுகின்றது என்பதை நகர வரலாறு எழுதுவோர் பலர் கருதுவதில்லை. கிணற்றிலிருந்து குடத்தால் முகந்து கொண்ட வீட்டில் கழிவுநீர் சிறிது. அது முற்றத்து வாழைக்கும் தென்னைக்கும் பாய்ந்து மண்ணிலே சுவறும். குழாய் திறந்தவுடன் நீர் பெருகுகின்றது. பெருகிய நீர் தெருவுக்கு வருகின்றது. தெருச் சாக்கடை பள்ளத்தை நாடுகின்றது. நீர் கொணரும் திட்டம் ஒவ்வொன்றும், அதே அளவான கழிவு விலக்கும் திட்டம் ஒன்றை வேண்டி நிற்கின்றது. நம் நகரங்களில் முன்னது வந்தபின் பின்னது வருதற்குப் பல பத்தாண்டுகள் கழிந்தன.

இவ்விடைக்காலத்தே மலக்கழிவை விலக்கியவர் யார் என்னும் வினாவையும் நாம் எழுப்புதல் வேண்டும். உலர்கழிப்பிட முறையில், மனிதர் மனிதரின் மலத்தை வாளியிலும் கூடையிலும் எடுத்துத் தலையில் சுமந்து ஊர்ப்புறத்தே கொண்டு சேர்த்தனர். சாதியால் ஒடுக்கப்பெற்றோர்மீதே இத்தொழில் சுமத்தப்பட்டது. நகர்மன்றத் தலைவர்தம் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பெற்றன. நகரை நாள்தோறும் தூய்மை செய்தவர்தம் பெயர்கள் ஏட்டிலும் அரிதாகவே ஏறின. இவ்வழக்கத்தைத் தடைசெய்யும் நடுவணரசின் சட்டம் 1993-இல் தான் வந்தது. அதனினும் விரிவான சட்டம் 2013-இல் வந்தது. நிலத்தடிச் சாக்கடையும் சுத்திகரிப்பு நிலையமும் ஆற்றைக் காப்பதற்கு மட்டும் வேண்டுவன அல்ல; மனிதரைக் காப்பதற்கும் வேண்டுவன. இவ்விரு நோக்கங்களையும் பிரித்து எழுதும் வரலாறு குறையுடையதாகும்.

4. விலக்கலும் தூய்மை செய்தலும்

கழிவை விலக்குதல் வேறு, தூய்மை செய்தல் வேறு. இவ்வேறுபாட்டை உணர உலகம் நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. 1858-ஆம் ஆண்டு வேனிலில் தேம்சு ஆற்றின் நாற்றம் தாங்காது இலண்டன் நாடாளுமன்றமே தவித்தது. அதன்பின் பொறியாளர் சோசப் பசல்கெட்டு பெருஞ்சாக்கடைகளைக் கட்டி நகரின் கழிவைக் கிழக்கே, ஆற்றின் கீழ்ப்பகுதிக்குக் கொண்டு சென்றார். நகரம் நலமுற்றது, ஆனால் கழிவு தூய்மையாகவில்லை, அது இடம்பெயர்ந்தது. பின்னர் 1898-இல் அமைந்த அரச ஆணைக்குழு 1912-இல் வெளியிட்ட தன் எட்டாம் அறிக்கையில், ஆற்றில் விடும் நீருக்கு ஓர் அளவு வகுத்தது. நீரிலுள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் ஐந்து நாளில் கொள்ளும் உயிர்வளி இலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. மிதக்கும் திண்பொருள் 30 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது அவ்வளவு. 1914-இல் மாஞ்செசுடரில் ஆர்டனும் இலாக்கெட்டும், கழிவுநீரில் காற்றைச் செலுத்தி, நுண்ணுயிர் செறிந்த கசடு கொண்டே அதனைத் தூய்மை செய்யும் முறையை வெளியிட்டனர். அவர்கட்கு ஊக்கம் தந்த கில்பர்ட்டு பௌலர் 1916-இல் பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்திற்குப் பேராசிரியராய் வந்தார். ஆகவே இம்முறை பற்றிய அறிவு கொங்குநாட்டிற்கு அண்மையிலேயே, ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே வந்து தங்கிற்று. அறிவின்மை நம் காலத்தாழ்வுக்குக் காரணம் அன்று என்பது இதனால் விளங்கும்.

மேற்கூறிய 20, 30 என்னும் அளவுகளில் ஒரு நிபந்தனை அடங்கியுள்ளது. விடப்படும் நீரைப்போல் எட்டு மடங்கேனும் தூயநீர் ஆற்றில் ஓடுதல் வேண்டும் என்பதே அது. ஆறு தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும் என்பது பொதுமக்கள் கூற்று. அக்கூற்று பொய்யன்று, ஆனால் நிபந்தனையுடைய மெய். ஈரோட்டுக் காவிரிக்கு இந்நிபந்தனை எப்போதும் கைகூடுவதில்லை. 1934-இல் மேட்டூர் அணை முடிவுற்றபின், அணைக்குக் கீழே காவிரியின் ஓட்டம் பெரும்பாலும் மனிதர் திறந்துவிடும் அளவினதாயிற்று. பாசனத்திற்காகச் சூன் 12-ஆம் நாள் திறந்து சனவரி 28-ஆம் நாள் அடைப்பது மரபு. அடைப்புக் காலத்தே ஆற்றில் நீர் சுருங்குகின்றது. நகரின் கழிவோ சுருங்குவதில்லை. கோடையில் ஆற்றின் தாங்குதிறன் குறைவதும் கழிவு அதே அளவில் வருவதும் ஒருங்கு நேர்கின்றன.

ஈரோட்டில் வீட்டுக்கழிவோடு தொழிற்கழிவும் சேர்ந்தது. துணி, மஞ்சள், தோல் என்னும் மூன்றும் இந்நகரின் வாணிகத்தை வளர்த்தன. பிராமண பெரிய அக்கிரகாரம் முதலிய பகுதிகளில் வாய்க்கால் ஓரமாகத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளும் சாயப்பட்டறைகளும் பெருகின. இத்தொழில்களுக்கு நீர் வேண்டும். ஆகவே அவை நீரோரத்தை நாடின. நீரை நாடிய தொழிலே நீரைக் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996-ஆம் ஆண்டு ஆகத்து 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு பாலாற்றை முதன்மையாகக் கொண்டதாயினும், அதன் தண்டத்தொகை ஆணை அன்று பெரியார் மாவட்டமாயிருந்த ஈரோட்டுத் தோல் தொழிற்சாலைகளையும் உள்ளடக்கிற்று. முன்னெச்சரிக்கை வேண்டும் என்னும் நெறியும், கெடுத்தவரே ஈடுசெய்தல் வேண்டும் என்னும் நெறியும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு கூறியது.

அதன்பின் ஈரோட்டில் மேற்கொள்ளப்பெற்ற பணிகளுள் ஒன்று நம் கருத்தை ஈர்க்கின்றது. காலிங்கராயன் வாய்க்காலில் கழிவு கலவாதிருக்க, அதற்கு இணையாகக் கழிவை மட்டும் ஏந்திச் செல்லும் சிறு வாய்க்கால் ஒன்று நகர்ப்பகுதியில் அமைக்கப்பெற்றது. மக்கள் அதனைப் பேபி வாய்க்கால் என வழங்குவர். உழவர்க்கு இதனால் விளைந்த நன்மையை மறுத்தற்கில்லை. ஆயினும் இதனை வரலாற்று வரிசையில் வைத்து நோக்கினால், பசல்கெட்டின் பெருஞ்சாக்கடை எவ்வினத்ததோ அவ்வினத்ததே இது. இது விலக்கல், தூய்மை செய்தல் அன்று. பாசன வாய்க்கால் தப்பிற்று. கழிவு ஆற்றை நோக்கியே நடந்தது.

குடிநீர் கொள்ளும் இடம் மாறியதையும் இவ்வாறே நோக்கலாம். நெடுங்காலம் நகரையொட்டிய வைராபாளையத்தில் காவிரிநீர் எடுக்கப்பெற்றது. அண்மையில் அவ்விடத்தை விடுத்து, மேலே ஊராட்சிக்கோட்டைப் பக்கத்திலிருந்து நீர் கொணரும் திட்டம் நிறைவேறியது. நகரம் தன் வாயை ஆற்றின் மேற்பக்கம் நகர்த்திக்கொண்டது எனலாம். மேலே நகர்வதற்கு இடமுள்ளவர்க்கு இது தீர்வு. கீழே உள்ளவர்க்கு அன்று. கீழே உள்ளவர் யாவர்? கொடுமுடியும் கருவூரும் திருச்சியும் மட்டுமல்ல. திருச்சிக்கருகே காவிரிப் படுகையிலிருந்தே இராமநாதபுரத்தின் கூட்டுக் குடிநீர் செல்கின்றது. கொள்ளிடத்திலிருந்து வடவாற்றின் வழியே வீராணம் நிறைந்து, 2004 முதல் சென்னை மாநகர்க்கும் அந்நீர் செல்கின்றது. ஈரோட்டுப் பள்ளத்தில் விடும் ஒரு குடம் கழிவு, தமிழ்நாட்டில் பாதிப்பேர் பருகும் ஆற்றொழுங்கில் சேர்கின்றது என்று கூறினும் பெரிதும் மிகையாகாது.

1974-இல் நடுவணரசு இயற்றிய நீர்மாசுத் தடுப்புச் சட்டமே ஆற்றின் தன்மையை நேரே காக்க எழுந்த முதற்பெருஞ்சட்டம். அதற்கு முன்னிருந்த 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் பொது ஊற்றையும் நீர்த்தேக்கத்தையும் கெடுப்பதைக் குற்றமென்றது; ஓடும் ஆற்றைப் பெயர்சொல்லிச் சுட்டவில்லை. 1982-இல் தமிழ்நாட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தோன்றிற்று. 1990-களில் தேசிய ஆற்றுப் பாதுகாப்புத் திட்டத்தில் பவானி, ஈரோடு, குமாரபாளையம், பள்ளிபாளையம், திருச்சி ஆகிய காவிரிக்கரை நகரங்கள் இடம்பெற்றன. 2008-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் ஈரோடு மாநகராட்சியாயிற்று. நகரளாவிய பாதாளச் சாக்கடையும் சுத்திகரிப்பு நிலையமும் அதனையொட்டிய ஆண்டுகளிலேயே பெரும்பணியாக உருவாயின. 1871-க்கும் இதற்கும் இடைப்பட்ட காலம் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு என்பதை நினைவில் கொள்க.

5. நொய்யல் தந்த பாடம்

காலிங்கராயன் வாய்க்கால் முடியுமிடம் நொய்யல் எனக் கண்டோம். வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் இவ்வாற்றைப் பதிற்றுப்பத்துக் கூறும் காஞ்சி எனக் கொள்வோர் உளர். பேரூரில் இதனைக் காஞ்சிமாநதி என்றே வழங்குவர். கபிலரும் அரிசில்கிழாரும் பதிற்றுப்பத்தில் அணிகலனுக்குச் சிறந்ததாகப் பாடிய கொடுமணம், இதன் வடகரையிலுள்ள கொடுமணலே என்பது அகழாய்வால் வலுப்பெற்ற கருத்து. இரும்புருக்கு உலைகளும் மணிசெய் பட்டறைகளும் தமிழி எழுத்துடைய பானையோடுகளும் அங்குக் கிடைத்தன. ஆகவே நொய்யற்கரை பண்டே தொழிற்கரை. தொழில் வந்ததால் ஆறு கெட்டது என்று பொதுப்படக் கூறுதல் பொருந்தாது. எத்தகைய தொழில், எவ்வளவு, எக்கழிவோடு என்று பகுத்துக் காண்டலே முறை.

1980-களுக்குப்பின் திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதி பெருகியது. பருத்திக்குச் சாயம் பிடிக்க உப்பு மிகுதியாக வேண்டும். துணியில் தங்காத உப்பு முழுவதும் கழிவுநீரில் எஞ்சும். உழவர்க்கு நீர் தருவதற்காக 1992-இல் கட்டி முடிக்கப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணையில் இவ்வுப்புநீரே வந்து தேங்கிற்று. எந்த அணை பாசனம் தருமென எதிர்பார்க்கப்பட்டதோ, அதன் நீர் வேண்டாமென்று உழவரே கூறும் நிலை நேர்ந்தது. கிணறுகள் உப்பேறின, நிலம் கெட்டது. நீரைக் கொணர்தல் என்னும் முதல் தொழில், தூய்மை செய்தல் என்னும் மூன்றாம் தொழில் இன்றேல் பயனற்றுப்போகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது.

நொய்யல் ஆற்றுப் பாசனதாரர் பாதுகாப்புச் சங்கத்தார் 2003-இல் வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர்நீதிமன்றம் 2006 திசம்பரில், ஆற்றில் கழிவுநீர் ஒரு துளியும் விடாத நிலையை எய்துமாறு ஆணையிட்டது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. ஆணை நிறைவேறாமை கண்டு, 2011 சனவரி 28-ஆம் நாள் திருப்பூரின் சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் மூடுமாறு உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. தொழிலாளர் பலர் வேலையிழந்து துன்புற்றனர் என்பதையும் வரலாறு மறத்தலாகாது. பின்னர், கழிவுநீரைச் சவ்வின்வழி அழுத்தி உப்பைப் பிரித்து, நீரை மீண்டும் பயன்படுத்தும் ஏற்பாடுடைய ஆலைகள் இயங்கத் தொடங்கின.

இவ்வழக்கிலிருந்து நாம் பெறும் அறிவியற் செய்தி ஒன்றுண்டு. மாஞ்செசுடர் முறை முதலியவை நுண்ணுயிர்களைக் கொண்டு வீட்டுக்கழிவின் அழுக்கைச் சிதைப்பன. உப்பை நுண்ணுயிர் உண்பதில்லை. எனவே வீட்டுக்கழிவு நிலையத்தில் சாயக்கழிவைக் கலந்துவிடின், உப்பு அவ்வாறே வெளியேறும், நுண்ணுயிரும் நலிவுறும். இரு கழிவுகளையும் தொடக்கத்திலேயே பிரித்தல் வேண்டும் என்பது இதனால் பெறப்படும். மேலும் நொய்யல் மழைக்கால ஆறு. எட்டு மடங்கு தூயநீர் என்னும் நிபந்தனை அங்கு ஆண்டின் பெரும்பகுதியில் கனவே. அயல்நாட்டு அளவுகளை அவற்றின் நிபந்தனையின்றிக் கொள்ளுதல், நூற்பாவை அதன் புறனடையின்றிக் கற்பதை ஒக்கும்.

6. சிற்றூர்களின் நிலை

பெருநகர்க்குப் பாதாளச் சாக்கடை கைகூடியது. பேரூராட்சிகளுக்கோ அதன் செலவு தாங்கற்கரியது. அங்கு வீட்டுக்கொரு மலத்தொட்டி உண்டு. அது நிறைந்தபின் ஊர்தி வந்து உறிஞ்சிச் செல்லும். ஊர்தி அதனை எங்குக் கொட்டிற்று என்பதே வினா. மனிதர் தலையில் சுமந்த காலத்தில் இருந்த மறதியே, ஊர்தி சுமந்த காலத்திலும் நீடித்தது. தமிழ்நாட்டரசு 2014-இல் இதற்கு நெறிமுறை வகுத்தது. 2017-இல் செங்கற்பட்டுப் பக்கத்துக் கருங்குழிப் பேரூராட்சியில் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கிற்று. கொங்குநாட்டில், கோயம்புத்தூர்க்கு வடக்கேயுள்ள பெரியநாயக்கன்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையம் ஆகிய பேரூராட்சிகள் இப்பணிக்கு முன்மாதிரியாகத் தேர்ந்தெடுக்கப்பெற்றன. அண்டைப் பேரூர்களும் பயன்கொள்ளுமாறு பெரியநாயக்கன்பாளையத்தில் நிலையம் அமைந்தது.

இந்நிலையங்களின் செயல் எளிது. கொணர்ந்த கசடு மணற்பாத்தியில் விடப்படும்; நீர் வடிந்து கீழே சேரும்; மேலே எஞ்சிய கசடு வெயிலில் உலரும்; வடிந்த நீர் தனியே தூய்மை செய்யப்படும். வெயில் மிகுந்த நம் நாட்டிற்கு இது ஏற்ற முறை. பல ஊர்கள் ஒன்றுகூடி ஒரு நிலையத்தைப் பேணுவது பழைய ஏரிவாரியத்தை நினைவூட்டுகின்றது. வாரியம் நீரின் அளவைக் காத்தது; இக்கூட்டமைப்பு நீரின் தன்மையைக் காக்கின்றது. நம் மரபில் இல்லாதிருந்த விதி, மரபின் வடிவிலேயே இப்போது தோன்றுகின்றது எனலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. ஈரோட்டுப் பகுதி நீரைக் கொணர்வதில் ஏழு நூற்றாண்டு மரபுடையது. நீரின் அளவைக் காக்கும் விதிகள் நம்மிடம் நிரம்ப இருந்தன. தன்மையைக் காக்கும் விதிகள் 1974-க்குப் பின்னரே உறுதிபெற்றன. கழிவை விலக்கும் பணி, முதலில் மனிதரின் தலைமேலும், பின்னர்ப் பள்ளத்தின்மேலும், அதன்பின் இணைவாய்க்காலின்மேலும் ஏற்றப்பட்டது. மூன்றும் துன்பத்தை இடம்பெயர்த்தனவே அன்றி நீக்கவில்லை. நொய்யலின் அழிவே தூய்மை செய்தலை விலக்கொணாக் கடமையாக்கிற்று.

முதுகலை மாணவர்க்கு இத்துறையில் ஆய்வுக்களங்கள் பல உள. நகர்மன்ற நடவடிக்கைக் குறிப்புகளில் துப்புரவுத் தொழிலாளரைப் பற்றிய செய்திகளைத் தொகுத்தல் ஒன்று. கொங்குநாட்டுப் பள்ளங்களின் பெயர்களையும் அவற்றின் பழைய போக்கையும் ஊரூராகப் பதிவுசெய்தல் மற்றொன்று. பள்ளங்கள் மூடப்படும்போது பெயர்களும் மறைகின்றன. பெயர் மறைந்தபின், அங்கு ஓர் ஓடை இருந்ததென்று கூறுவாரும் இலராவர்.

தான் வெட்டிய வாய்க்காலின் நீரைத் தான் கொள்வதில்லை என்று ஒருவன் உறுதிபூண்டான் என மக்கள் கதை வழங்குகின்றது. அந்நீர் தனக்குக் கீழே வாழ்வார்க்கு உரியது என்பதே அக்கதையின் உட்பொருள். சுத்திகரிப்பு நிலையம் ஒன்றைக் கட்டும் நகர்மன்றமும் அப்பயனைத் தான் நுகர்வதில்லை; அடுத்த கூடுதுறையில் உள்ளவரே நுகர்கின்றனர். இவ்வறத்தைக் காலிங்கராயன் கதையிற் போற்றும் நாம், நகராட்சியின் வரவுசெலவுத் திட்டத்திலும் போற்றுதல் வேண்டும்.